பொறுமை தீர்ந்தது யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளர் பதவியிலிருந்து ரூபன் அமோரிம் நீக்கப்பட்டதை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இக்கால ரசிகர்களுக்கு எல்லாம் உடனே வேண்டும், அதே அணியின் பழைய பயிற்சியாளர் பெர்குசனுக்குக் கிடைத்த அவகாசம் இனி எவருக்கும் கிடைக்காது என்பது அதன் சாரம். எந்த அணி தோற்றாலும், எந்தப் பயிற்சியாளர் போனாலும் எழுதப்படும் வரிகள்தான் இவை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பழி முழுக்கத் தப்பான வாசலில் போய் விழுந்திருக்கிறது.

ரசிகர்கள் எவ்வளவு தாங்கினார்கள் என்று பாருங்கள். 2024 நவம்பரில் அமோரிம் வந்தார். அந்த சீசனில் அவர் தலைமையில் ஆடிய 27 லீக் ஆட்டங்களில் வெற்றி 7, தோல்வி 14. பட்டியலில் 15-வது இடம், 42 புள்ளிகள். 1973-74-இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய பிறகு இத்தனை மோசமான லீக் சீசனை அந்த அணி கண்டதில்லை. 2025 ஜனவரியில் பிரைட்டனிடம் சொந்த மைதானத்தில் தோற்றபோது, கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான அணி ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும் என்று பயிற்சியாளரே சொன்னார். அதற்குப் பிறகும் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் அவர் பெயரைச் சொல்லிப் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சீசனின் கடைசி நாளன்று மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், நல்ல நாட்கள் வரும் என்றார். கூட்டம் கைதட்டியது. இவர்களுக்கா பொறுமை இல்லை?

கைதட்டியவர்கள் அடுத்த சீசனில் எதைப் பார்த்து முகம் சுளித்தார்கள் என்பதைத்தான் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. தோல்வியைப் பார்த்து அல்ல. ஒரே தோல்வி ஒரே வழியில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து.

அமோரிமின் 3-4-3 முறை என்றால் பின்னால் மூன்று பேர், நடுவரிசையில் நான்கு, முன்னால் மூன்று. நடுவரிசையின் நால்வரில் இருவர் இரு ஓரங்களில் ஓடும் விங்-பேக்குகள் என்பதால் நடுக்களத்தில் இரண்டே பேர். எதிரணி அங்கே மூன்று பேரை நிறுத்தினால் ஒருவன் எப்போதும் தனியாக, பந்து வாங்கத் தயாராக நிற்பான். அவனைப் பிடிக்கப் பின்வரிசையிலிருந்து ஒரு சென்டர் பேக் (நடுத் தற்காப்பு வீரர்) முன்னேறினால் அவன் விட்ட இடம் திறந்து கிடக்கும். முன்வரிசை ஆட்களில் ஒருவர் இறங்கி வந்தால் பந்தைக் கைப்பற்றியபின் முன்னே தள்ள ஆள் இருக்காது. இரு பக்கத்து விங்-பேக்குகளும் எதிரணியின் அழுத்தத்தில் பின்னுக்குப் போய்விட்டால் மூன்று பேர் தற்காப்பு ஐந்து பேர் தற்காப்பாகிவிடும். இதற்கு விடை இல்லாமல் இல்லை. ஓயாமல் ஓடக்கூடிய இரண்டு நடுக்கள வீரர்கள் வேண்டும். ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் அது அவருக்கு வாய்த்தது. 2021-லும் 2024-லும் போர்ச்சுகல் லீக்கை வென்று காட்டினார். மான்செஸ்டரில் அந்த இடத்தில் முப்பது வயதைத் தாண்டிய காசெமிரோ. பக்கத்தில், அணியிலேயே நன்றாகக் கோல் வாய்ப்பு உருவாக்கும் புரூனோ ஃபெர்னாண்டஸ், எதிரணி கோலிலிருந்து வெகு தூரத்தில். இளம் நடுக்கள வீரர் கோபி மைனூவோ 2025-26 சீசனில் அமோரிமின் கீழ் ஒரு லீக் ஆட்டத்தில்கூட முதல் பதினொருவரில் இறங்கவில்லை.

2025 ஆகஸ்டில் நான்காம் பிரிவு அணியான கிரிம்ஸ்பியிடம் லீக் கோப்பையில் தோற்றார்கள். 2-2, பிறகு பெனால்டியில் 12-11. இதையும் விட்டுவிடலாம், கோப்பை ஆட்டங்களில் இப்படி நடக்கும். செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0 தோல்வி. என் கொள்கையை நான் மாற்றமாட்டேன், மாற்றம் வேண்டுமென்றால் ஆளை மாற்றுங்கள் என்றார் அமோரிம். போப்பாண்டவரே வந்து சொன்னாலும் மாறமாட்டேன் என்று அடுத்த சில நாட்களில் இன்னொரு போடு போட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவர் பிடித்ததற்கு மூன்றே சென்டர் பேக்!

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் லிவர்பூலை அதன் மைதானமான ஆன்ஃபீல்டிலேயே 2-1 என்று வென்றார்கள். அங்கே 2016-க்குப் பிறகு கிடைத்த முதல் லீக் வெற்றி அது. அன்று யாரும் ஃபார்மேஷனைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் அடுத்த மாதமே எவர்ட்டன் ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்து, 13-வது நிமிடத்திலேயே சிவப்பு அட்டையால் ஓர் ஆளை இழந்து, மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி 1-0 என்று வென்று போனது.

என் பார்வையில் ரசிகர்களை உடைத்தது டிசம்பர் கடைசி வாரம்தான். 26-ஆம் தேதி நியூகாசிலுக்கு எதிராக அமோரிம் முதல்முறையாக நான்கு பேர் தற்காப்புடன் அணியை இறக்கினார். 1-0 வெற்றி. அழகான ஆட்டம் அல்ல, ஆனால் மாறத் தெரிந்த மனிதர் என்று ஒரு நிம்மதி வந்தது. நான்கே நாள் கழித்து வுல்வ்ஸ் வந்தது. அந்த சீசனில் அதுவரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூட வெல்லாத, இரண்டே புள்ளிகளுடன் கடைசியில் கிடந்த அணி. அந்த அணிக்கு எதிராக மறுபடியும் மூன்று பேர் தற்காப்பு! 1-1. ஆட்டம் முடிந்ததும் கிளம்பிய கூச்சலை, டிராவில் முடிந்த ஓர் ஆட்டத்துக்கான கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. சரியான வழி கைக்கு வந்தபிறகு அதைத் தூக்கிப் போட்டவர்மேல் வந்த கோபம் அது.

மூன்று பேர் தற்காப்பே கெட்டது என்று வாதாடவும் நான் வரவில்லை. தேவைப்படும்போது மாறாததுதான் குற்றம். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று அடிவாங்கிய செல்சியின் பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே, நான்கிலிருந்து மூன்றுக்கு மாறி, தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை வென்று, அந்த சீசன் பட்டத்தையும் எடுத்தார். இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் வேண்டுமானால் 2025 மே மாத பில்பாவோ. யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில், தாக்குதலைத் தவிர வேறெதுவும் தெரியாதவர் என்று பெயரெடுத்த பயிற்சியாளர் போஸ்டெகோக்லு, பந்தைப் பெரும்பாலும் யுனைடெட்டிடமே விட்டுவிட்டு டாட்டன்ஹாமைப் பின்னால் உட்காரவைத்து 1-0 என்று கோப்பையைத் தூக்கினார். (லீக்கில் 17-வது இடம் என்பதால் பதினாறு நாளில் அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், அது வேறு கதை.)

இனி பெர்குசன். 1986 நவம்பரில் வந்தவருக்கு முதல் கோப்பை 1990 மே மாதத்தில். இடையில் லீக்கில் 11, 2, 11, 13 என்ற இடங்கள். இதெல்லாம் சரி. ஆனால் அன்றைய ரசிகர்கள் பொறுமையின் சிகரங்கள் என்று எங்கே படித்தீர்கள்? சிட்டியிடம் 5-1 என்று தோற்ற 1989-இன் இறுதியில், மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, போய் வாருங்கள் ஃபெர்கி என்ற பொருளில் மைதானத்திலேயே பதாகை பிடித்தவர்கள் அவர்கள். பொறுத்திருந்தது நிர்வாகம். காரணமும் இருந்தது. குடிப்பழக்கத்தில் ஊறிய அணியை அவர் கலைத்துக்கொண்டிருந்தார், பையன்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். 1987-இல் கிளப்புக்கு வந்து சேர்ந்த ரயன் கிக்ஸுக்கு அப்போது வயது 14.

இன்றைய நிர்வாகத்தைப் பாருங்கள். 2024 ஜூலையில் அமோரிமுக்கு முந்தைய பயிற்சியாளர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அவரை நீக்கினார்கள். 3-4-3 தவிர வேறு ஆடாதவர் என்று தெரிந்தே அமோரிமை அழைத்தார்கள். 2025 கோடையில் 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து குன்யா, எம்பியுமோ, ஷெஷ்கோ என்று முன்வரிசைக்கு மூன்று பேரை வாங்கினார்கள், கூட ஒரு கோல்கீப்பரையும். நடுக்களத்துக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டே பேரை நம்பி ஆடும் முறைக்கு அந்த இரண்டு பேரை வாங்கித் தராமல் மூன்று வருட அவகாசம் தரவேண்டும் என்று அக்டோபரில் பேசினார் கிளப்பின் இணை உரிமையாளர் ஜிம் ராட்கிளிஃப். ஜனவரி 5-ஆம் தேதி அமோரிம் வெளியே. மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

ரசிகர்களுக்கு அறிவுரை எழுதியவரிடம், அந்தக் கோடையில் நடுக்கள வீரர் வேண்டாம் என்று யார் முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று அடுத்த கட்டுரையில் அலசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்