சந்தை வாசலில் ஒரு பலகை வையுங்கள்

மதிப்பிற்குரிய வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தபின், ஊராட்சியை நடத்தும் தனி அலுவலர் பொறுப்பும் தங்களிடமே வந்ததால், இந்த மடலும் தங்களுக்கே. வாரச்சந்தை வசூல் பற்றி முன்பே மனு கொடுத்திருக்கிறோம். போன சந்தையில் நடந்ததும் தங்கள் காதுக்கு வந்திருக்கும்.

வெண்டைக்காயும் கொத்தவரையும் விற்கிற அம்மா அவர். சொந்தக் காட்டில் பறித்ததை மினிபஸ்ஸில் ஏற்றி, மூட்டைக்குத் தனி டிக்கெட் வாங்கி, வந்து சாக்கு விரித்தார். இன்னும் போணி ஆகவில்லை. சந்தைச் சுங்கம் வசூலிக்க ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள் வந்து நின்றுவிட்டார். வழக்கமாக 20 ரூபாய் வாங்குபவர் அன்று 50 கேட்டார். "ரெண்டு கிலோ விக்கட்டும் தம்பி, தர்றேன்" என்றார் அம்மா. தம்பி தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கடைக்காரர் 50 ரூபாய் கட்டி மீட்டு வந்தபோது வெயில் ஏறி, கூட்டம் கலைந்திருந்தது. வாடிய காயைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் புகாரோடு போனால் அலுவலகத்தில் ரசீது எங்கே என்கிறார்கள். ரசீது தருவதில்லை என்பதுதானே ஐயா புகாரே!

நாங்கள் கேட்பது இதுதான்: கூடைக்கு எவ்வளவு, தரைக்கடைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று சந்தை வாசலில் எழுதி வையுங்கள். வாங்கும் காசுக்கு ஊராட்சி முத்திரையும் வரிசை எண்ணும் உள்ள ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். சுங்கமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

குத்தகைதாரரைக் கேட்டால், "இவ்வளவு கட்டி ஏலம் எடுத்திருக்கேன், வேற எங்க போய் எடுக்க?" என்கிறார். அவர் கணக்கு அவருக்கு. ஏலத்தொகை போன வருஷத்தைவிடக் கூடினால் அலுவலகத்துக்கும் சந்தோஷம்தான். கூடிய தொகை யார் சாக்கிலிருந்து எடுக்கப்படும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பணத்தில் சந்தைக்குத் திரும்பி வந்தது என்ன? பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் சந்தை முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிராமத்துச் சிறுவியாபாரியை வளர்க்கப் போவதாக மேடைதோறும் கேட்கிறோம். நகரத்துத் தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டமே வந்தது. அடையாள அட்டை, நகர விற்பனைக் குழு எல்லாம் உண்டு. 2020-இல் 10,000 ரூபாய்க் கடனும் வந்தது. எங்களுக்கு வந்தது, ஊராட்சிப் பகுதியில் கடை நடத்தவும் தொழில் உரிமம் எடு என்ற 2025-ஆம் வருஷத்து விதி. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள், அதற்கு நன்றி. அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று குறித்த 29 பொருள்களில் சிறுதொழிலும் உண்டு, சந்தையும் உண்டு. எங்கள் ஊராட்சியில் சந்தை என்றால் ஏலம், அவ்வளவுதான் போலும். தராசைப் பிடுங்குவதும் தொழில் வளர்ச்சித் திட்டத்தில் ஒரு அங்கமோ என்னவோ.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய நிதி இல்லை. ஒரு தகரப் பலகை, ஒரு ரசீதுப் புத்தகம்.

ஏப்ரலில் தொடங்கும் குத்தகைக்கான ஏல அறிவிப்பு வெளிவருமுன், இந்த இரண்டையும் நிபந்தனைகளில் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பலகையில் இல்லாத தொகையை வாங்கினாலோ, வியாபாரியின் பொருளில் கை வைத்தாலோ குத்தகை ரத்து என்றும் அதிலேயே எழுதுங்கள். அதுவரை, வரும் சந்தையன்று காலையில் அலுவலகத்திலிருந்து ஒருவரை வாசலில் நிற்க அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தரைக்கடை வியாபாரிகள் சார்பில்,
அதே சந்தையில் பாத்திரக்கடை போடும் ஒருவன்