2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பாளையங்கோட்டையில் உள்ள நம் தெரு நலச் சங்கம் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கொடுத்த மனுக்களின் நகல் கோப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு விரிவாகச் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் கோடை விளையாட்டு முகாமைப் பற்றித்தான்.

பல்லாங்குழி, தட்டாங்கல், ஆடுபுலி போதும் என்றுதான் செயற்குழு முடிவெடுத்தது. இதே மாதிரி ஆட்டங்கள் வெளிநாடுகளிலும் உண்டு என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சொன்னதால் அவற்றையும் சேர்த்தோம். கானா நாட்டு ஓவாரே நம் பல்லாங்குழிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வரிசைக்கு 6 வீதம் 12 குழி, குழிக்கு 4 முத்து. பலகைக்கு எங்கே போவது? 30 முட்டை வைக்கும் அட்டையில் ஆறு குழி வரிசை இரண்டை வெட்டினால் பலகை தயார். முத்துக்கு நம்ம புளியமுத்து.

பல்லாங்குழியில் கைமுத்து தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடர்வோம். ஓவாரேயில் கை காலியானதும் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். கடைசி முத்து விழுந்த எதிராளியின் குழியில் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் அவை நமக்கு. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் அள்ளிக்கொண்டே போக, முதல் நாள் ஒரே சண்டை. எதிராளி பக்கம் முழுக்கக் காலியாகிவிட்டால், முடிந்தவரை அவருக்கு முத்து போய்ச் சேருகிற மாதிரிதான் ஆட வேண்டும் என்றும் ஒரு விதி. பல்லாங்குழி சொல்லித்தர வந்த ஆச்சி, "இதென்னல, சோறு போட்டு ஜெயிக்கிற ஆட்டமால்லா இருக்கு!" என்றார். அப்புறம் அவரை அந்த அட்டையை விட்டு எழுப்ப முடியவில்லை.

நம் ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. நேபாளத்து பாக்சாலில் 4 புலி, 20 ஆடு. ஐந்து ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி. கொரியாவின் கோங்கிக்கு ஐந்து கல். தட்டாங்கல் ஆடிப் பழகிய பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பையன்கள் கிட்டிப்புள்ளுக்கு ஓடிவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடிச் செலவு பொருளாளர் அறிக்கையில் வரும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. முகாம் காலை ஏழு முதல் ஒன்பது மணி வரைதான், அதுவும் பள்ளி விடுமுறையில். என் அபிப்பிராயத்தில் அந்த நேரம் செல்போனிடமிருந்து மிச்சம் பிடித்தது.

அடுத்த கோடைக்குத் தான்சானியாவின் பாவோ ஆடலாம் என்று எண்ணம். அதற்கு 32 குழி, 64 முத்து. முட்டை அட்டை காணாது. தச்சரிடம் விலை கேட்டிருக்கிறோம். பரணில் பழைய பல்லாங்குழிப் பலகை கிடந்தால் கொடுத்து உதவுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் தச்சருக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்