குகுரி ரத்தம் கேட்பதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நேபாளப் பயணக் கட்டுரையில், கூர்க்காவின் வளைந்த கத்தியான குகுரியை உறையிலிருந்து உருவினால் ரத்தம் காட்டாமல் திரும்ப வைக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ராணுவத்தில் வயர்லெஸ் மெக்கானிக்காக இருந்தபோது, இரண்டு வருடம் டேராடூனில் ஒரு கூர்க்கா பட்டாலியனோடு இருந்தேன். விறகு பிளப்பது, பூசணிக்காய் நறுக்குவது, டென்ட்டுக்கு முளை சீவுவது எல்லாமே அவர்களுக்குக் குகுரிதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை உருவுவார்கள் என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் ரத்தம் என்றால் ஒரு ஆள் மிஞ்சுவானா? நேபாளிகளின் தசைன் பண்டிகையில் ஒரே வெட்டில் கிடா வெட்டுவதுண்டு, மறுக்கவில்லை. நம்மூரில் சாமிக்குக் கிடா வெட்டுகிற அரிவாளைப் பார்த்துவிட்டு, அரிவாள் என்றாலே ரத்தம் கேட்கும் என்று வெளியூர்க்காரர் எழுதினால் நீங்கள் அச்சிடுவீர்களா?

சரி, அந்தக் கட்டுரையோடு வந்த படம். குகுரியின் உறையில் கூடவே செருகியிருக்கும் சின்ன உருப்படிகள் இரண்டையும் ‘குட்டிக் கத்திகள்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான் கத்தி, அதன் பெயர் கர்தா. மற்றது சக்மக். அதற்குக் கூரே கிடையாது. குகுரியின் வாயை அதில் தேய்த்துச் சீர்செய்வார்கள், சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பும் எடுப்பார்கள். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. யாரோ அவசரத்தில் விட்டிருக்கிறார்கள்.

என் வீட்டில் பழைய குகுரிகள் பதினொன்று இருக்கின்றன. முதலில் வாங்கியதன் முதுகில் தேவநாகரி எழுத்துகள் வெட்டியிருந்தன. அப்போது உங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில், பழைய இரும்பை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் பிடிக்கச் சொல்லியிருந்தீர்கள். நம்பிச் செய்தேன். கத்தி பளபளத்தது, எழுத்து பாதி போய்விட்டது. எந்தப் படைக்குப் போனது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த எழுத்துதான். பழைய இரும்பின் கறுப்பை எடுக்கவே கூடாது. துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். இதை அன்றே எழுதினேன். பிரசுரமாகவில்லை.

அப்புறம் காத்மாண்டுவில் ஒரு கடையில், நூறு வருடப் பழசு என்று நல்ல விலைக்கு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். வீட்டில் துடைத்தால் துணியில் ஷூ பாலிஷ் வந்தது, அடியில் மெஷினில் கடைந்த கோடுகள். உண்மையான பழசு கிடைப்பது அவ்வளவு அரிது. காத்மாண்டு லகன் சிலேகானா அரண்மனை ஆயுதக்கிடங்கில் குகுரிகள் தலைமுறை தலைமுறையாகக் கிரீஸ் பூசிக் கிடந்தன. அந்தச் சரக்கை 2003இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். ஒரு நாட்டின் ஆயுதக்கிடங்கே அப்படிக் கைமாறியது. உங்கள் கட்டுரையாளர் காத்மாண்டுவில் நான்கு நாள் தங்கியும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கொல்லரைப் பற்றியும் இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. கிழக்கு நேபாளத்தில் போஜ்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து வளைக்கிறார். கடைசியில் சிவக்கக் காய்ச்சிய கத்தியின் வாயோரமாகக் கெட்டிலிலிருந்து தண்ணீரை ஓடவிடுகிறார். வாய் மட்டும் இறுகும், முதுகு இளகியே இருக்கும். அதனால்தான் எலும்பில் பட்டாலும் உடைவதில்லை. அவ்வளவும் அவருடைய கண் அளவுதான். அந்தக் கொல்லர்களின் காமி சமூகத்தைத் தொடக்கூடாதவர்கள் என்று வைத்திருந்த நாடு அது. 1963இல் சட்டம் மாறியது. ஆனாலும் நான் போன கிராமத்தில் அவர் பக்கத்து வீட்டுத் திண்ணையில்கூட ஏறவில்லை. அவர் செய்த கத்தி மட்டும் எல்லார் இடுப்பிலும் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு ஓரத்தில், ரத்தம் பற்றிய அந்த வரி தவறு என்று போடுங்கள். சக்மக்கின் பெயரையும் சரியாகப் போடுங்கள். எலுமிச்சைக் குறிப்பை இனி வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வீரர்,
வேலூர் மாவட்டம்.