இருபது மாதக் கர்ப்பமும் பழைய புத்தகக் கடைக்காரரும்

அன்பு மகளுக்கு,

போன தடவை வந்தபோது நீ அலமாரியில் விட்டுவிட்டுப் போன அந்தத் தடிப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். ஜப்பானிய எழுத்தாளர் நத்சுஹிகோ கியோகோகு எழுதிய 'உபுமேயின் கோடை' நாவல்தான், 2009-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. "பேய்க்கதை உனக்கு ஒத்துக்காது, தொடாதேம்மா" என்று சொன்னாயே, அதற்காகவே எடுத்தேன். முதல் அத்தியாயத்தின் நடுவில் உன் ரயில் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கு மேல் நீ போகவில்லை போல. அதனால் முடிவைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஏன் நிறுத்தினாய் என்று புரிகிறது. 1952-ஆம் வருஷக் கோடை. ஜப்பானில் அமெரிக்க ஆக்கிரமிப்பு அந்த ஏப்ரலில்தான் முடிந்திருக்கிறது. செகிகுச்சி என்ற எழுத்தாளர் இரண்டு பக்கமும் மண்சுவர் எழும்பிய சரிவில் தலைசுற்றலோடு ஏறி, நண்பரின் பழைய புத்தகக் கடைக்குப் போகிறார். உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார்கள். பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மூளை வேறு மனம் வேறா, கண் பார்ப்பதைத்தான் நாம் பார்க்கிறோமா, இல்லை மூளை காட்டுவதையா, நடுவில் குவாண்டம் இயற்பியல் வேறு. கொலையும் இல்லை, பேயும் இல்லை. நானும் மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். ஆனால் முடிச்சு அவிழும் இடத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது, விடையை அந்த வளவளப் பேச்சிலேயே மனுஷன் சொல்லிவிட்டிருக்கிறார். நாம்தான் எப்போது கதை வரும் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தோம். குவாண்டத்தை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

கதை இதுதான். டோக்கியோவில் ஸோஷிகயா பகுதியில் குவோன்ஜி குடும்பத்தின் பழைய பிரசவ ஆஸ்பத்திரி. அந்த வீட்டு இளைய மகள் கியோகோ இருபது மாதமாகக் கர்ப்பம், இன்னும் பிரசவம் ஆகவில்லை. அவள் கணவன் பூட்டிய அறைக்குள்ளிருந்து காணாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே பிறந்த குழந்தைகள் மாயமாகிறார்கள் என்று ஊர் பேசுகிறது.

காலமெல்லாம் பிரசவ வார்டில் நின்றவளிடம் இருபது மாதக் கர்ப்பம் என்றால் விடுவேனா? படித்தவுடனே மனதுக்குள் ஒரு ஊகம் எழுந்தது. அது சரியா என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டு குழந்தைகள் தங்காமல் போனவள். வயிறு மேடிட்டு, மசக்கை எல்லாம் பட்டு, முதுகில் கையை ஊன்றிக்கொண்டுதான் நடப்பாள். குழலை வயிற்றில் வைத்துக் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார், "உள்ளே ஒன்றுமில்லை, காற்றுதான்" என்று. சொன்னது உண்மை. அவளோ எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, வேறு ஆஸ்பத்திரி தேடிப் போய்விட்டாள்.

இந்த நாவல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அவள்தான். கியோகோகுதோ என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் புத்தகக் கடைக்காரர் ஒரு கோயிலின் பூசாரியும்கூட, பேயோட்டுகிறவர். உலகத்தில் விசித்திரம் என்று ஒன்றுமே கிடையாது என்பதுதான் அவர் பேச்சு. ஆனாலும் பேயை நம்புகிறவரை ஒரு இடத்திலும் இளக்காரமாகப் பேசுவதில்லை. யார் மனதில் எது ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதை யார் ஏற்றினார்கள், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் விசாரிக்கிறார். அப்புறம்தான் ஓட்டுகிறார். அன்றைக்கு உடுப்பு முழுக்கக் கறுப்பு, செருப்புக் கட்டைகூடக் கறுப்பு, அதன் வார் மட்டும் சிவப்பு. மந்திரத்தை விட அந்தச் சிவப்பு வாரைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உபுமே என்றால் பிரசவத்தில் இறந்தவளின் ஆவி. இடுப்புக்குக் கீழே ரத்தமாக, கையில் குழந்தையோடு வழியில் நிற்பாளாம். போகிறவரிடம் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று கொடுப்பாளாம். வாங்கினால் குழந்தை கனத்துக்கொண்டே போகும், கல்லாய்க் கனக்கும். இதைப் படித்ததும் நம் ஊர்ச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல் கண்முன் வந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்களே, அதுதான். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்தவளின் பேரில் வைப்பது. அவள் இறக்கிவைக்காமல் போன பாரம் ஆற, வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கிவைப்பார்கள். அங்கே வழிப்போக்கன் கையில் பாரத்தைக் கொடுக்கிறாள், இங்கே வாங்கிக்கொள்கிறாள்.

குறையும் சொல்ல வேண்டுமே. எனோகிஸு என்று ஒரு துப்பறிவாளர், அடுத்தவர் நினைவுகள் அவர் கண்ணுக்குத் தெரியுமாம். விசித்திரமே கிடையாது என்று சொல்லிவிட்டு இப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எப்படி? அதற்கும் கடைக்காரர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார், எனக்குச் சரிப்படவில்லை. செகிகுச்சியும் எதற்கெடுத்தாலும் வெலவெலத்துப் போகிறார். அதைவிட, பிள்ளைப்பேறு பற்றிய கதையில் வாய் ஓயாமல் பேசுவதெல்லாம் ஆண்கள். அந்த வீட்டுப் பெண்கள் அனுபவிக்கிறதோடு சரி. கியோகோவே உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும் ஒரு அத்தியாயத்தை நான் கடைசிவரை எதிர்பார்த்தேன்.

1994-இல் வந்த இதுதான் ஆசிரியர் கியோகோகுவின் முதல் நாவலாம். முதல் புத்தகத்திலேயே இவ்வளவு துணிச்சல்!

சரி, உனக்கு ஒரு வேலை. நீ டோக்கியோவில்தானே இருக்கிறாய், அங்கே இகெபுகுரோவிலிருந்து கதையில் வரும் ஸோஷிகயா நடக்கிற தூரம்தான். அங்கே கிஷிமோஜின் கோயில் இருக்கிறது, 1664-இல் கட்டியது. அந்த அம்மன் நம் பௌத்தக் கதைகளில் வரும் ஹாரீதிதான். ஊரார் பிள்ளைகளைத் தின்றவள், தன் கடைக்குட்டியைப் புத்தர் ஒளித்துவைத்த பிறகு திருந்திப் பிள்ளைகளுக்கும் பிரசவத்துக்கும் காவலானவள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பு. மழை இருந்தால் போகாதே, உனக்குச் சளி இன்னும் விடவில்லை.

அப்படியே புத்தகக் கடையில் இந்த நாவலின் ஜப்பானியப் பதிப்பையும் புரட்டிப் பார். ஆசிரியர் முதலில் வடிவமைப்புத் தொழிலில் இருந்தவர், ஒரு வாக்கியம்கூடப் பக்கம் தாண்டாதபடி தானே கோத்துக்கொள்வாராம். நான்கு பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த நாவல் 'மோர்யோ நோ ஹாகோ' ஆயிரம் பக்கத்துக்கு மேலே என்கிறார்கள். ஆங்கிலத்தில் கிடைத்தால் வாங்கி வை, வரும்போது எடுத்துவா. கிடைக்காவிட்டால் நீயே ஜப்பானியத்தில் படித்து, போனில் எனக்குக் கதை சொல்லு.

அன்புடன்,
அம்மா