அறுவடைக்குப் பிறகு வரும் உதவித்தொகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தினமும் காலையில் உங்கள் நாளிதழை என் மகளுக்கு வாசித்துக் காட்டுகிறவள் நான். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தலையங்கத்தைப் பொறுமையாகக் கேட்பாள், விளையாட்டுச் செய்திகள் வேண்டாம் என்பாள், வாசகர் கடிதங்களை மட்டும் ஒன்று விடாமல் கேட்பாள். “நீயும் ஒன்று எழுதேன் அம்மா” என்று போன வாரம் அவள்தான் சொன்னாள்.

தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியில் படித்தாள். அங்கே இருந்தவரை பிரெயில் புத்தகங்களை விரலால் தடவித் தானே படித்துக்கொண்டாள். பாடத்துக்காக எங்கள் உதவியைக் கேட்டதே இல்லை. கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்ததும் அந்த வசதி நின்றுவிட்டது. புத்தகம், பேராசிரியர்கள் தரும் ஜெராக்ஸ் குறிப்பு எல்லாமே அச்செழுத்தில்தான். ஆகவே நான் வாசிக்கிறேன். பகலில் ரவிக்கை தைப்பேன். இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியைத் தையல் இயந்திரத்தின் பலகை மேல் வைத்துப் பதிவு செய்வேன். மின்விசிறி ஓடினால் அந்த இரைச்சலும் பதிவாகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிடுவோம். சித்திரை மாதத்திலும் அப்படித்தான். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ‘நிலமானிய முறை’ போன்ற சொற்களில் தடுக்கி நிற்பேன். “அந்த வரியைத் திரும்ப வாசி அம்மா” என்பாள்.

இப்படிப்பட்ட மாணவர்களுக்காகவே நம் மாநில அரசு கல்வி உதவித்தொகையோடு வாசிப்பாளர் உதவித்தொகையையும் வைத்திருக்கிறது. யோசித்துச் செய்த நல்ல திட்டம் அது. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளும் எங்கள் கைக்குப் பணம் வந்தது பங்குனியில். அப்போது ஆண்டுத் தேர்வு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனியிலேயே வந்திருந்தால் எங்கள் தெருவில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணை வாசிப்பதற்கு வைத்திருப்பேன். ஆங்கிலப் பெயர்களையும் அவள் தடுமாறாமல் வாசிப்பாள்.

என் கணவர் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். டெல்டாவில் எங்களைப் போன்ற குடும்பங்களில் காசு நடமாடுவது தை, மாசியில், சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகுதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் விதை, உழவு, நடவு என்று கையில் இருப்பதும் வயலுக்குப் போய்விடும். கல்லூரி திறப்பதும் அந்த நேரத்தில்தான். தேர்வுக் கட்டணம், ஆட்டோ, புதுக் கைபேசி எல்லாவற்றுக்குமாக என் தோடு இரண்டு ஆண்டும் ஆனியில் அடகுக்குப் போய்ப் பங்குனியில் திரும்பியது. உதவித்தொகையில் ஒரு பங்கு அடகுக் கடை வட்டியாகப் போனது. படிப்பதற்காகக் கொடுத்த பணம் அது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இதே மகளின் வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பணம் ஏறியதும் வரும் குறுஞ்செய்தியைக் கைபேசியே அவளுக்குப் படித்துச் சொல்லும். அவள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அதே கணக்கு, அதே மாணவி. மாற்றுத்திறனாளி உதவித்தொகையை மட்டும் மாதாமாதம் தர என்ன தடை?

விண்ணப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருமானச் சான்றை ஆண்டுதோறும் கேட்பது சரிதான், வருமானம் ஏறும், இறங்கும். ஆனால் பார்வையிழப்பு நிரந்தரம் என்று அடையாள அட்டையிலேயே எழுதியிருக்கும்போது, மருத்துவரிடம் மறுபடியும் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். எங்கள் வீடு ஒரு மாவட்டத்தில், கல்லூரி அடுத்த மாவட்டத்தில். இங்கே போனால் அங்கே போங்கள் என்றார்கள், அங்கே போனால் இங்கே. அந்த அலைச்சலில் எனக்கு நான்கு நாள் தையல் கூலி போயிற்று. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, திரையில் உள்ளதைக் கைபேசி வாசிக்க வாசிக்க, பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மகளே நிரப்பினாள். கடைசியில் ‘படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும்’ என்று வந்தது. படத்தைக் கைபேசியால் வாசிக்க முடியவில்லை. அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றது. பார்வையற்றவர்களும் நிரப்ப வேண்டிய விண்ணப்பத்தில் அந்தப் பூட்டை யார் வைத்தார்கள்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடத்துக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கிறது. என் மகளுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் மூன்று ஆண்டும் நிலைத்துப் படிக்கத்தான் பணம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் அதை இழந்தார், படிப்பு நின்றது. இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் என் மகள். பள்ளியில் பிரெயிலில் அவளே படித்தது. அவர் தேர்வில் தவறினார். இவள் இதுவரை ஒரு தாளிலும் தவறவில்லை.

இந்த ஆனியில் அவள் மூன்றாம் ஆண்டு போகிறாள். முதல் தவணையைக் கல்லூரி திறந்த மாதத்திலேயே கொடுங்கள். ஒருமுறை கொடுத்த மருத்துவச் சான்றைப் பட்டம் வாங்கும்வரை ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த மாவட்ட அலுவலகம் பொறுப்பு என்பதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இதையே மனுவாக எழுதி எடுத்துப் போகிறேன். மகளும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
குடமுருட்டிக் கரை.