சில்லு தரையில் நிற்கட்டும்: கொழும்பு கராஜ் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாஸ்மாருக்கு,

வணக்கம். மருதானை, தெமட்டகொடை, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்யும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வருகிற ஆள். உங்களுக்குத் தொழில் படிப்பிக்க வரவில்லை. கேட்க ஒரேயொரு விஷயம் இருக்கிறது: சில்லைக் காரின் உடம்போடு பிணைக்கிற லோவர் ஆர்மின் புஷ் மாற்றினால், கடைசி இறுக்கு இறுக்கும் நேரத்தில் சில்லு அந்தரத்தில் தொங்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். என் பழைய ஜப்பான் காரில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இடப்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். காலி வீதியின் ஓரத்துக் குழிகளையும் வடிகால் மூடிகளையும் முதலில் சந்திப்பது அந்தச் சில்லுதான். ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் இழுத்தது, டயரின் உள்விளிம்பு தேய்ந்துகொண்டு வந்தது. பஞ்சிகாவத்தையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு புஷ் வாங்கி, ஒரு கராஜில் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காரைத் தூக்கி வைத்திருந்தார்கள், சில்லுகள் கழற்றிக் கிடந்தன, ஆர்ம் கீழே தொங்கியது. பையன் எயார் கன்னால் 'டர்ர்' என்று நான்கு போல்டையும் இறுக்கினான். வேலை சுத்தமாகத்தான் தெரிந்தது. ஏழு மாதத்தில் அதே 'டொக்' திரும்பி வந்தது.

போலிச் சாமான் தந்துவிட்டான் என்று பஞ்சிகாவத்தைக் கடைக்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வேறொரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த வயதான பாஸ் கழற்றிய புஷ்ஷை என் கையில் தந்தார். நடுக்குழாயை ஒட்டி, ஒரே பக்கமாக, பிறை மாதிரி இறப்பர் கிழிந்திருந்தது. "சாமானில பிழையில்ல தம்பி, இறுக்கின விதத்திலதான்," என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். புஷ் என்பது உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிப் பிடித்த இறப்பர். போல்டை இறுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு கடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். அது கதவுப் பிணைச்சல் போலச் சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போகிற அசைவு முழுவதையும் இறப்பர் முறுகித்தான் தாங்குகிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் இறப்பருக்கு ஓய்வு நிலை. ஆர்ம் தொங்கும்போது இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், தரையில் சும்மா நிற்கும்போதே இறப்பர் முறுகித்தான் இருக்கும். போதாக்குறைக்கு ஒரு குழியில் விழுந்தால் இன்னும் முறுகும். நாள் முழுக்க ஒருவரின் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அதிலேயே மூட்டையும் ஏற்றினால் எப்படியிருக்கும்? அதுதான் நடக்கிறது. முறுகிய இறப்பர் காரைக் கொஞ்சம் மேலே தள்ளியும் பிடிக்கும். அந்த உயரத்தில் பார்த்த அலைன்மென்ட், இறப்பர் கிழிந்து தளர்ந்ததும் மாறிப்போகும்.

அந்தப் பாஸ் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. புதுப் புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றி, ஆர்மைப் பூட்டி, போல்டைக் கையால் மட்டும் பிடிக்க வைத்தார். சில்லைப் போட்டுக் காரை இறக்கி, பம்பரை இரண்டு மூன்று தரம் அழுத்தி ஆட்டிவிட்டு, கராஜில் ஆள் இறங்கி வேலை செய்கிற குழிக்கு மேலே தள்ளி நிறுத்தினார். பிறகு கீழே இறங்கி, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்கினார். கால் மணி நேரம் கூடுதலாகப் போயிருக்கும். உங்களில் பலரிடம் குழி இருக்கிறது. இல்லாவிட்டாலும் வழி உண்டு. கழற்றுவதற்கு முன், கார் தரையில் நிற்கும்போதே சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து சுவரில் எழுதிவையுங்கள். பூட்டும்போது, ஆர்ம் சில்லுப் பக்கம் சேரும் மூட்டான 'போல் ஜொயிண்ட்' பக்கமாக ஆர்முக்குக் கீழே ஜக்கை வைத்து அதே அளவு வரும்வரை தூக்கி, அப்புறம் இறுக்கலாம். கார் ஸ்டாண்டில் உறுதியாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது மொடலுக்கு மொடல் மாறும். எயார் கன்னுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

கேட்க ஒரு விஷயம்தான் என்றேன். எழுத உட்கார்ந்தால் இன்னும் இரண்டு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிரஸ் இல்லாத இடங்களில் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார்கள். அடி நடுக்குழாயில் விழுந்தால், காரில் பூட்டும் முன்பே இறப்பர் ஒட்டு விட்டுவிடும். தள்ளுகிற பாரம் வெளிக்குழாயின் விளிம்பில்தான் இருக்க வேண்டும். அலுமினிய ஆர்மென்றால் சுத்தியலை நினைக்கவே வேண்டாம், பக்கத்து லேத் கடையில் பிரஸ் இருக்கும். சில புஷ்களில் இறப்பருக்குள் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், வெளியே அம்புக்குறியோ கோடோ இருக்கும். அதை ஆர்மில் உள்ள குறியோடு பொருத்தாவிட்டால், இறுக்கமாக இருக்க வேண்டிய பக்கம் மென்மையாகவும் மென்மையாக இருக்க வேண்டிய பக்கம் இறுக்கமாகவும் ஆகிவிடும்.

மற்றது, வழுக்க வைக்க எஞ்சின் ஒயில் பூசுவது. இயற்கை இறப்பருக்கு ஒயில் ஆகாது, ஊதி இளகிவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும். 1876இல் ஹெனரத்கொடையில் இறப்பர்க் கன்று நட்ட நாடு இது. இறப்பரின் குணம் நமக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இறப்பருக்குப் பதிலாகப் போலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த புஷ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான், பெரும்பாலும் அது உள்குழாயில் சுழலும், முறுகாது. ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், குழிகளை முதுகெலும்பு வரை கொண்டுவந்து சேர்க்கும். அலுவலகம் போய்வர எனக்கு இறப்பரே போதும்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் புதுக்காரின் விலை என் போன்றவர்களுக்கு எட்டாது. இருக்கிற கிழட்டுக் காரைத்தான் இழுத்துப் பறித்து ஓட்ட வேண்டும். ஏழு மாதத்துக்கு ஒருமுறை நான்கு புஷ், கூலி, அலைன்மென்ட் என்று கொடுக்கப் பையில் காசில்லை. கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்கும் சேர்த்துப் பில் போடுங்கள், தருகிறேன்.

அந்தப் பெரியவர் பூட்டிய முன் புஷ்கள் இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் இருக்கின்றன. அவர் தொழிலை விட்டு ஊருக்குப் போய்விட்டார். இப்போது பின் அக்சில் புஷ் கத்தத் தொடங்கியிருக்கிறது. இறுக்குகிற சட்டம் அதற்கும் இதேதான். வருகிற சனிக்கிழமை காலையில் உங்களில் ஒருவரிடம் வருவேன். குழி இல்லாவிட்டால் பரவாயில்லை, சில்லுக்குக் கீழே வைக்கத் தடித்த பலகைத் துண்டுகள் டிக்கியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய கார்க்காரன்