ஸ்பேசர் வாங்கும் முன் உங்கள் காரை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயரம் குறைத்து இறக்கிய கார்களுக்கு வீல் ஸ்பேசர், அதாவது சக்கரத்துக்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் நடுவில் வைத்து சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு, போடுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் சரி, ஆனால் முன்னால் 15, பின்னால் 20 மில்லிமீட்டர் போட்டால் எந்தக் காருக்கும் அம்சமாக இருக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அந்த வரியை நம்பிக் காசைக் கொட்டப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் கொட்டியவன்தான்.

ஸ்பிரிங்கை மாற்றி 35 மில்லிமீட்டர் இறக்கியதும் என் கார், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி ஆகிவிட்டது. உடம்பு கீழே வந்துவிட்டது, சக்கரங்கள் மட்டும் உள்ளே ஒடுங்கி நின்றன. நண்பர் ஒருவர் வேறு மாடல் காரில் இதே அளவு அலாய் சக்கரத்துக்கு 15, 20 போட்டிருந்தார், பார்க்க ஜோராக இருந்தது. நானும் அதையே வாங்கினேன். தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்து, ஒரு வேகத்தடையைத் தாண்டியதும் பின்னாலிருந்து 'சர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் தோள்பட்டையில் கத்தியால் கீறியது போலச் சுற்றிலும் ஒரு கோடு.

வித்தியாசம் எங்கே என்றால், நண்பரின் காரில் பின்னால் மல்ட்டிலிங்க், ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகள் தனித்தனியாகப் பிடிக்கும் சஸ்பென்ஷன். அதில் சக்கரம் மேலே ஏற ஏற அதன் தலை உள்பக்கம் சாயும், மட்கார்டுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். என் காரில் டார்ஷன் பீம், இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது சாய்வு பெரிதாக மாறாது, அப்படியே நேராகப் போய் மட்கார்டு விளிம்பில் முட்டும். அலாயின் ஈடி எண்ணும், அதாவது அதன் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பதும், சேர்த்துக் கணக்கில் வர வேண்டும். ஈடி 45 அலாய்க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் அது ஈடி 30 ஆகிறது, சக்கரம் முழுசாக 15 வெளியே வருகிறது. அலாயின் அகலமும் டயரும் வேறாக இருந்தால் அதே 15 ஒரு காரில் போதாது, இன்னொன்றில் இடிக்கும்.

அப்போ எப்படி அளப்பது? காரைச் சமதரையில் நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், 22 வந்தது. 20 போடலாம் என்று அதனாலும்தான் துணிந்தேன். ஆனால் அது கார் சும்மா நிற்கும்போது உள்ள கணக்கு. இறக்கிய காரில் டயர் ஏற்கனவே விளிம்பை நெருங்கி நிற்கிறது, மிச்சமிருக்கும் கொஞ்ச தூரத்தில்தான் எல்லாம் நடக்கும். காரை ஸ்டாண்டில் நிற்க வைத்து, அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் வரை, அதாவது மேலே ஏறும் எல்லையில் இருக்கும் தடுப்பு வரை, ஏற்றிப் பார்ப்பதுதான் சரியான வழி. ஸ்பிரிங்கைக் கழற்ற வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு தந்திரம் உண்டு. குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணை மட்கார்டின் உள்விளிம்பில் கட்டைவிரல் பருமனுக்கு ஒட்டி, பாரம் ஏற்றி, மெதுவாக நாலு வேகத்தடை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். களிமண் நசுங்கி எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைத்த இடம். நான் இதைச் செய்தது டயர் கிழிந்த பிறகு. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி நசுங்காது, இரண்டிலும் குறைவானதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் வேறு விஷயம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது வெளியே தள்ளிய சக்கரம் பெரிய வட்டம் போடும், டயரின் ஓரம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும். அதைவிட, 15 போட்டதிலிருந்து சாலையில் இருக்கும் ஒவ்வொரு பள்ளத்தடமும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது. ஹப் பேரிங்குக்கும் அந்த அளவுக்குச் சுமை கூடுகிறது. ஒரு மாதத்தில் முன்னால் போட்டதைக் கழற்றிவிட்டேன். காயிலோவரில் (ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் இருக்கும், உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) டயரின் உள்பக்கம் உரசுகிறவர்களுக்கு முன்னால் ஸ்பேசர் தேவைப்படலாம், அதற்கும் பெரும்பாலும் 3 அல்லது 5 போதும். வெறும் அழகுக்காக என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சரி, பின்னால் 20-ஐ எடுத்துவிட்டு 10 வாங்கினேன். இனி பிரச்சினை இல்லை என்று பார்த்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் நடுங்க ஆரம்பித்தது. மூன்று முறை வீல் பேலன்ஸ் செய்தும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி விரலால் தொட்டுக் காட்டினார். ஹப்பின் நடுவில் வளையம் போல நீட்டிக்கொண்டிருக்குமே, சக்கரத்தை மையத்தில் உட்கார வைப்பது, அது என் காரில் 11 மில்லிமீட்டர். அதில் 10-ஐ ஸ்பேசரே தின்றுவிட்டது. அலாயின் உள்விளிம்பைச் சரிவாக வெட்டியிருப்பார்கள், அதனால் மிச்சமிருந்த 1 மில்லிமீட்டரும் அலாயைத் தொடவே இல்லை. மையத்தைப் பிடிக்க போல்ட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. இப்போது போட்டிருப்பது 12. கூட 2 மில்லிமீட்டர்தான், ஆனால் அதில் ஸ்பேசருக்கே சொந்த வளையம் கடைந்திருக்கிறது, உள்துளையும் என் ஹப்பின் 57.1 மில்லிமீட்டருக்குச் சரியாக இருக்கிறது. நடுக்கம் அன்றோடு போனது.

கட்டுரையில் போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். 12 ஸ்பேசர் போட்டால் போல்ட்டும் 12 நீளம் கூட வேண்டும். எம்12, 1.5 மரை (12 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் உள்ளே போவது) என்றால் கையால் முடுக்கும்போது குறைந்தது 8 சுற்று போக வேண்டும், எம்14-க்கு 9 முதல் 10. தலையின் அடிப்பக்கம் கூம்பா உருண்டையா என்பதும் அலாயோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அப்புறம், என்றைக்காவது ஸ்பேசரைக் கழற்றினால் பழைய குட்டை போல்ட்டையே போடுங்கள். நீள போல்ட் பின்னால் நீட்டிக்கொண்டு போய் பிரேக் பாகங்களை இடிக்கும். தனி போல்ட்டோடு ஹப்பில் பூட்டுகிற தடித்த ஸ்பேசர் என்றால், அலாயின் பின்புறம் பழைய ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் திருகாணி) முனை நுழையக் குழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மெல்லிய ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் என்னத்தைச் சொல்வது!

ஹப்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது எல்லா போல்ட்டையும் குறுக்குக் குறுக்காகப் பாதி இறுக்கிவிட்டு, கீழே இறக்கியபின் கார் நிறுவனம் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச்சால் முடித்தேன். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தபோது ஒரு போல்ட் கால் சுற்று ஏறியது.

அடுத்த முறை இதைப் பற்றிப் போடும்போது அந்தப் பளபளப்பான படத்தைச் சின்னதாக்கிவிட்டு, அளக்கிற முறையை ஒரு படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பழைய ஸ்பேசர் செட்டுகளை அலமாரியில் வைத்திருக்கும் உங்கள் வாசகன்